இரண்டாம் லைனில் ஒரு முழம் ஒயர்

போட் எறணாகுளம் ஜெட்டியை விட்டு இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மாள் மீன் கூடையை என் கால்மேலேயே வைத்துவிட்டு, நான் முறைத்ததும் "மோளே, ஒண்ணு அட்ஜஸ்ட் செய்யு" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். மணி பார்க்க இடது கையைத் தூக்கினேன். மூன்று முப்பத்திரண்டு. வாட்ச் இடது கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் இடத்தை விட்டுப் பாதி எழுந்துவிட்டேன்.

வாட்ச் இடது கையில் இருந்தால் பதறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

நான் ரயிலில் சிக்னல் டெக்னீஷியன். எறணாகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் வேலை, பேர் வேண்டாம். வீடு மட்டாஞ்சேரி, காயலுக்கு இந்தக் கரை. மூன்று தலைமுறையாக அங்கேதான். வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். எனக்கு அடிக்கடி வரும்.

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜைமேல் ஒரு பேனல் இருக்கும். ஸ்டேஷனிலுள்ள லைன் எல்லாவற்றையும் அதில் கோடு கோடாக வரைந்திருப்பார்கள். எந்த லைனில் வண்டி நிற்கிறதோ அந்தக் கோட்டில் சிவப்பு எரியும். மாஸ்டர் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தண்டவாளமே சொல்லிவிடும். எப்படி என்றால், இரண்டு தண்டவாளத்திலும் ஒரு முனையில் கொஞ்சமாகக் கரண்ட் விடுவோம். தொட்டால்கூடத் தெரியாது. மறுமுனையில் ரிலே என்று கையடக்கமாக ஒன்று. கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை அது எழுந்து நிற்கும். லைனில் வண்டி ஏறிவிட்டால், சக்கரமும் அச்சும் இரும்பு அல்லவா, கரண்ட் அதன் வழியாகவே இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்குப் போய்விடும், ரிலேவரை வராது. ரிலே விழும். பேனலில் சிவப்பு. அந்த லைனுக்கு மாஸ்டர் தலைகீழாக நின்றாலும் இன்னொரு வண்டிக்கு சிக்னல் கொடுக்க முடியாது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தண்டவாளம் உடைந்தாலும் ரிலே விழும். ஒயர் அறுந்தாலும் விழும். பேட்டரி செத்தாலும் விழும். எது கெட்டாலும் சிவப்பு. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, மனுஷனை நன்றாகத் தெரிந்தவன். வண்டி நிற்கும், ஜனங்கள் என்னையும் என் அப்பனையும் சேர்த்துத் திட்டுவார்கள், ஆனால் யாரும் சாக மாட்டார்கள்.

திட்டு வாங்குவதுதான் எனக்கு ஆகாது. மழைக்காலம் வந்தால் சேறும் தண்ணீருமாக லைன் அடிக்கடி காரணமில்லாமல் சிவப்புக் காட்டும். அப்போது முறை என்ன என்றால், மாஸ்டருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த லைனை நான் கழற்றியிருக்கிறேன், பேனலை நம்பாதீர்கள் என்று. அவர் கையெழுத்துப் போடுவார். நான் சரிபண்ணி மறுபடி எழுதிக் கொடுக்கும்வரை ஒவ்வொரு வண்டிக்கும் கையால் எழுதிய தாள் கொடுத்து, நத்தை மாதிரி ஊரவிடுவார்கள். சரியான முறை அதுதான். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு ஒயர் இருந்தது. ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் பல்லுள்ள கிளிப். தண்டவாளத்தோரம் இடுப்பு உயரத்தில் சாம்பல் நிற இரும்புப் பெட்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிலே அதற்குள்தான். பெட்டியைத் திறந்து இந்த ஒயரை மாட்டினால், தண்டவாளத்திலிருந்து வரவேண்டிய கரண்டைப் பேட்டரியிலிருந்தே நேராக ரிலேக்குக் கொடுத்துவிடலாம். ரிலே எழும். பேனலில் சிவப்பு அணையும். வண்டிகள் ஓடும். நான் நிதானமாக ஃபால்ட்டைத் தேடலாம். ஆனால் அந்த ஒயர் இருக்கும்வரை லைனில் முழு வண்டி நின்றாலும் பேனல் "காலி, காலி" என்றுதான் சொல்லும். பிடிபட்டால் வேலை போகும். போக வேண்டியதுதான். நான் அதைச் செய்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. மற்றவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஏன் செய்தேன்? பெருமைக்கு. வேறு ஒரு மண்ணும் இல்லை. சேர்ந்த புதிதில் "பெண்ணுங்களுக்கு எதுக்கு இந்த மழையும் சேறும்" என்று காதுபடப் பேசினார்கள். அதே ஆட்கள் ஆறு வருஷத்தில் "சேச்சி வந்தா பத்து நிமிஷத்துல சிக்னல் வரும்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு வெல்லமாக இனித்தது. பத்து நிமிஷத்தில் எப்படி வருகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறந்துபோய் ஒயரை விட்டுவிட்டால்? அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். ஒயரை மாட்டியதும் வாட்சைக் கழற்றி வலது கையில் கட்டிக்கொள்வேன். வலது கையில் அது உறுத்திக்கொண்டே இருக்கும். ஒயரை எடுத்ததும் இடது கைக்கு மாற்றுவேன். வாட்ச் வலதில் என்றால் ஒயர் உள்ளே, இடதில் என்றால் வெளியே. இதை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு இரண்டாம் லைன் சிவப்பாகி நின்றுவிட்டது. இரண்டாம் லைன் என்றால் பிளாட்பாரத்தைத் தாண்டி ஒதுக்குப்புறமாகப் போகிற லைன். சரக்கு வண்டியை அதில் ஓரங்கட்டிவிட்டு, பாசஞ்சர் வண்டியைப் போகவிடுவார்கள். என்னோடு வேலை செய்கிற ஆள் அன்று லீவு. மழை கொட்டுகிறது. என்ன ஆச்சு என்று காலை டூட்டி மாஸ்டர் போன்மேல் போன். "சேச்சி, எந்தாயி? சேச்சி, எந்தாயி?" நான் தாள் எழுதவில்லை. பெட்டியைத் திறந்து ஒயரை மாட்டினேன், வாட்சை வலது கைக்கு மாற்றினேன், பெட்டியைப் பூட்டினேன். "சிக்னல் வந்நல்லோ!" என்று மாஸ்டர் போனில் குதித்தார். அவருக்கு ஒயர் விஷயம் தெரியாது. பாவம், அவரை இதில் இழுக்கக்கூடாது.

ஃபால்ட் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. லைனின் மறுகோடியில், இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே கரண்ட் தாண்டாமல் இருக்க வைத்த இணைப்பின்மேல், பார்சல் கட்டுகிற இரும்புப் பட்டை ஒன்று சேற்றோடு சேர்ந்து ஒட்டிக்கிடந்தது. விரல் அகலம்தான். பிடுங்கி எறிந்தேன். அதற்கப்புறம் ஒயரை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு கம்பியை வைத்து, பேனலில் சிவப்பு வருகிறதா என்று மாஸ்டரிடம் கேட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை, பசி, டூட்டி முடிய அரைமணி நேரம்தான் இருந்தது. பெட்டிவரை நடந்து வந்ததும் ஞாபகம் இருக்கிறது. பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியதும் ஞாபகம் இருக்கிறது. அது காலையில் பூட்டியதா, மத்தியானம் பூட்டியதா?

போட்டில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாட்ச் இடது கையில். அப்படியென்றால் ஒயரை எடுத்துவிட்டேன். சரிதானே? சரியில்லை. ஏனென்றால் ஸ்டேஷனில் எங்கள் ரூமுக்குப் பின்னால் குழாயடியில் முழங்கைவரை சேறு கழுவினேனே, அப்போது வாட்சைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தேனே. கழுவி முடித்து எந்தக் கையில் கட்டினேன்? இடது கையில். எந்தக் கையிலிருந்து கழற்றினேன்? தெரியவில்லை. எவ்வளவு முட்டினாலும் அது மட்டும் வரவில்லை. சுவர்மேல் வாட்ச் இருக்கிறது, ஈரக் கை இருக்கிறது, அதற்கு முந்தைய நிமிஷம் இல்லவே இல்லை.

ஒயரை நான் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ரூமில் டூல் பெட்டிக்கு அடியில் துணி சுற்றி வைப்பேன். அதனால் பையைக் கவிழ்த்துப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை. இருந்தாலும் கவிழ்த்தேன். சோற்றுப் பாத்திரமும் குடையும் மகளுக்கு வாங்கிய நோட்டும் விழுந்தன. மீன்கூடை அம்மாள் "எந்து போயி மோளே?" என்று தானும் குனிந்து தேடினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்டவாளத்துக்கு வைத்த காவல் கெட்டால் சிவப்புக் காட்டும். நான் எனக்கு வைத்துக்கொண்ட காவல் கெட்டுப்போய்ப் பச்சையைக் காட்டிக்கொண்டு கையில் உட்கார்ந்திருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

போன் மடியில் கிடந்தது. ஒரு கால். ஒரே ஒரு கால். "சார், இரண்டாம் லைனை நம்பாதீங்க" என்றால் முடிந்தது. ஆனால் ஏன் என்று கேட்பார்கள். ஒயர் என்று சொன்ன நிமிஷம் என் வேலை போச்சு. ஒயரை எடுத்திருந்தாலும் போச்சு! மாட்டினேன் என்பதே குற்றம். ஒருவேளை எடுத்திருந்தால், ஒன்றுமில்லாததற்கு என் கழுத்தை நானே நீட்டினதாக ஆகும். மத்தியான டூட்டி டெக்னீஷியனைக் கூப்பிடலாமா? அவர் இன்னும் இரண்டு ஸ்டேஷன் பார்க்கிறவர், அன்று எங்கே இருந்தாரோ. அவரிடம் சொன்னாலும் சொன்னதுதான். இப்படியே யோசித்து யோசித்து விரலை எண்மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். போட் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அய்யோ, என்ன மெதுவான போட் அது! இறங்கித் தள்ளலாம் போலிருந்தது.

நான் கூப்பிட்டது என் வீட்டுக்காரரை.

அவர் பஜாரில் மிளகு கோடவுனில் வேலை பார்த்தவர். கோடவுனைக் காபிக்கடை ஆக்கிவிட்டார்கள். அதன்பிறகு கிடைத்த வேலையைப் பார்க்கிறார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் வேலையால்தான், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சொல்லிக்கொள்வதில்லை. நல்ல மனுஷன். அன்றைக்கு அதுதான் வினையாகிவிட்டது.

முழுக்கச் சொன்னேன். "நீ எடுத்திருப்பே" என்றார்.

"ஓர்மை இல்லைங்க."

"நீ மறக்கிற ஆளா? கேஸ் அடைச்சியான்னு என்னைப் பத்துத் தடவை கேக்கிற ஆள் நீ. பேடிக்காதே. யாருக்கும் போன் பண்ணாதே. நான் ஸ்கூட்டர் எடுத்துட்டு ஜெட்டிக்கு வரேன். நேரா போவோம், பெட்டியைத் திறந்து பாப்போம், இருந்தா எடுத்துருவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகையே வந்துவிட்டது. யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்றுதான் நான் அவரைக் கூப்பிட்டதே. மாஸ்டரைக் கூப்பிடாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்கும்போது நான்கு அடிக்க மூன்று நிமிஷம். ஸ்கூட்டர் தயாராக நின்றது. ஹெல்மெட்டைக்கூட அவரே மாட்டிவிட்டார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. பஜார் வழியாகப் போனால் அரிசி லாரிக்காரன் நடுரோட்டில் மூட்டை இறக்குகிறான். வாயில் வந்ததைத் திட்டினேன். அவன் திருப்பித் திட்டினான். இவர் "விடுடீ, விடுடீ" என்று சந்தில் வளைத்தார்.

பின்னால் உட்கார்ந்து நான் வண்டிகளை எண்ணினேன். அந்த ஸ்டேஷனில் எந்த வண்டி எப்போது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாலேகாலுக்கு ஒரு சரக்கு வண்டி வரும். அதை இரண்டாம் லைனில் போடுவார்கள். அதன் பின்னாலேயே நாலரைக்குப் பாசஞ்சர். எறணாகுளத்தில் துணிக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை முடிந்து போகிற பெண்கள் நிறைந்த வண்டி. கதவுவரை நிற்பார்கள். பாசஞ்சரை முதல் லைனில்தான் எடுப்பார்கள், எப்போதும் அப்படித்தான். மாஸ்டருக்கு இரண்டில் சரக்கு நிற்பது தெரியாதா என்ன? அவர் எடுத்த வண்டிதானே. கை தவறினால் ஒழிய ஒன்றும் ஆகாது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கை தவறுவதற்காகத்தானே அந்தச் சிவப்பையே வைத்திருக்கிறார்கள்? கை தவறாத மனுஷனுக்கு சிக்னல் டெக்னீஷியன் எதற்கு?

"என்ன முனகுற?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்லை. வேகமா போங்க."

எறணாகுளம் போகிற தோப்பும்படிப் பாலத்தில் ஏறினோம். ஏறினதோடு சரி. முன்னால் எதுவோ பிரேக்டவுன். லாரி, பஸ், ஆட்டோ, எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்கூட்டர் போகிற இடைவெளிகூட இல்லை. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். மழை முதுகில் அடிக்கிறது. நான்கு பத்தொன்பது. சரக்கு வண்டி வந்து நின்றிருக்கும். பெட்டிக்குள் அந்த ஒயர் இருந்தால், மாஸ்டர் கண்முன் இப்போது ஒரு பொய் இருக்கிறது, அதை எழுதி வைத்தவள் நான்.

"போன் பண்றேங்க" என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பாரு. இதோ நகருது."

"எங்கே நகருது? கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"வேலை போயிடும்டீ. பிள்ளை பிளஸ் டூ படிக்குது. அஞ்சே அஞ்சு நிமிஷம்."

அவர் குரல் உடைந்திருந்தது. அது எனக்குக் கோபத்தைத்தான் கொண்டுவந்தது. அவர்மேல் இல்லை. ஐந்து நிமிஷம் ஐந்து நிமிஷம் என்று ஐம்பது நிமிஷம் தின்றவள் நான்தானே. ஸ்கூட்டரிலிருந்து குதித்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்று கூப்பிட்டேன். நான்கு இருபத்திரண்டு.

மத்தியான டூட்டி மாஸ்டர் எடுத்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையான ஆள்.

"சாரே, இரண்டாம் லைன் பேனலை நம்பாதீங்க. பெட்டியில நான் நேரா ஃபீட் கொடுத்திருக்கேன். எடுத்தேனான்னு தெரியலை."

பஸ் ஹாரன் என் காதைக் கிழிக்கிறது. அதற்கு நடுவில் அவர் மெதுவாகச் சொன்னார். "சேச்சி, ரெண்டாம் லைன்ல குட்ஸ் நிக்குது. பேனல்ல ஒண்ணும் காட்டலை. நான் பல்பு போயிடுச்சுன்னு நினைச்சேன்."

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. ஒயர் உள்ளேதான் இருக்கிறது. நாள் முழுக்க உள்ளேதான் இருந்திருக்கிறது.

"பாசஞ்சர்?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியாச்சு. நான் சிக்னல் கொடுக்கலை. கொடுக்க மாட்டேன். வெளியிலேயே நிறுத்தறேன்." பிறகு கேட்டார். "சேச்சிக்கு எப்போ ஓர்மை வந்தது?"

"இப்போதான் சாரே" என்றேன். "இந்த நிமிஷம்தான்."

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். மூச்சு விடுகிற மாதிரி.

நாங்கள் போய்ச் சேர ஐந்தரை ஆனது. பாசஞ்சர் வண்டியைத் தாள் கொடுத்து, ஊரவிட்டு, முதல் லைனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் ரூம் ஜன்னல் வழியாகப் பார்த்தால் சரக்கு வண்டி கண்ணுக்கெட்டியவரை நிற்கிறது. திரும்பிப் பேனலைப் பார்த்தால் இரண்டாம் லைன் வெறும் கோடு. இப்படி ஒரு காட்சியை எந்த சிக்னல்காரியும் பார்க்கக்கூடாது. பெட்டியை அதிகாரிகள் வந்துதான் திறந்தார்கள். என்னைத் தொட விடவில்லை. ஒயரை எடுத்ததும் பேனலில் சிவப்பு எரிந்தது என்று மாஸ்டர் உள்ளிருந்து கத்தினார்.

விசாரணை நடந்தது. கணவரோடு எறணாகுளம் போகும் வழியில் பாலத்தில் ஞாபகம் வந்தது, உடனே கூப்பிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மாஸ்டரின் ரிஜிஸ்டரிலும் அப்படியே இருந்தது, "ஞாபகம் வந்தவுடன் தெரிவித்தார்" என்று. அந்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. தண்டனை கிடைத்தது, வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள், ஆனால் வேலை போகவில்லை. தன் வேலையைப் பற்றிக் கவலைப்படாமல் உடனே சொன்னாளே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு அதிகாரி பேசினாராம். கேட்டதும் வீட்டுக்காரர் பாயசம் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஐம்பது நிமிஷம் உட்கார்ந்துகொண்டது. சண்டையில்கூட அவர் அதை எடுக்க மாட்டார். எடுத்துத் தொலைத்தால்கூடத் தேவலை.

இதோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முடியவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீங்களே சொன்னா மனசுல பதியும். தப்பு செஞ்சா மறைக்காம உடனே சொல்லணும்னு உங்களை வெச்சுத்தான் சொல்லித் தரணும்" என்றார். நான்கு வகுப்பில் போய்ச் சொன்னேன். ஒயர், வாட்ச், குழாயடி, சுவர், எல்லாம் உள்ளது உள்ளபடி. கடைசியில் "ஓர்மை வந்தது, உடனே கூப்பிட்டேன்" என்பேன். கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுகிற மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

ஐந்தாவது வகுப்பில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். வைப்பின் தீவிலிருந்து வருகிறவள், இருபத்திரண்டு வயசிருக்கும். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். மலையாளத்தில்தான் கேட்டாள்.

"சேச்சி, போட்ல மணி பார்க்கக் கையைத் தூக்கினேன், அப்போதான் வாட்ச் கண்ணில் பட்டதுன்னு சொன்னீங்க."

சொல்லியிருக்கிறேன். நான்கு வகுப்பிலும் சொல்லாததை அன்று வாய்தவறிச் சொல்லியிருக்கிறேன்.

"ஆமா" என்றேன்.

"மாஸ்டரைக் கூப்பிட்டது பாலத்துலேருந்துன்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்போ நடுவில எவ்வளவு நேரம்?"

அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. நோட்டில் எழுத வேண்டும், அதற்காகக் கேட்டாள். பேனா தயாராக இருந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே "சரி சரி, சாயா வந்தாச்சு" என்று எழுந்தார். அவர் எனக்கு வழி விட்டார், இப்போது நினைத்தால் தெரிகிறது. அதில் நுழைந்து நான் வெளியே போயிருக்கலாம்.

"ஐம்பது நிமிஷம்" என்றேன்.

"அந்த ஐம்பது நிமிஷமும் சேச்சி என்ன செஞ்சீங்க?"

"என் வேலை போயிடுமேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் பேனாவை எடுத்தாள், ஆனால் எழுதவில்லை. யாரும் கை தட்டவில்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது. அதிகாரி என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். அவரும் என்ன செய்வார், கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்க அவருக்கு உரிமை இல்லை.

இப்போது என் கையில் இரண்டாவது சார்ஜ்ஷீட் இருக்கிறது. விசாரணையில் பொய் சொன்னதற்கு. இந்தத் தடவை தப்பிக்க முடியாது என்று யூனியன்காரர் சொல்லிவிட்டார். வகுப்பில் பதற்றத்தில் நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன், பழைய வாக்குமூலமே சரி என்று எழுதினால் ஒரு வழி இருக்கிறதாம். வீட்டுக்காரர் நேற்று முழுக்க என் காலைப் பிடிக்காத குறை. "அப்படி எழுதிடு. உனக்காக இல்லை, பிள்ளைக்காக எழுதிடு" என்றார். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் என்ன பெரிய உத்தமி? இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனால் என்ன செய்வோம் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆனால் "உடனே" என்று நான் சொன்னதை நான்கு வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போய் இப்போது ஏதோ ஒரு லைனில் நிற்கிறார்கள். தப்பு செய்துவிட்டு, எண்மேல் விரலை வைத்து எடுத்துக்கொண்டு நிற்கும்போது, அந்தச் சேச்சி உடனே சொன்னாளே, நமக்கு ஏன் முடியவில்லை என்று தங்களைத்தான் நொந்துகொள்வார்கள். அந்தச் சேச்சிக்கும் முடியவில்லை. அது அவர்களுக்குத் தெரிந்தால் ஒருவேளை பத்து நிமிஷம் முன்னால் கூப்பிடுவார்கள்.

இன்று காலையில் தாளை எடுத்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மூன்று முப்பத்திரண்டுக்கு ஞாபகம் வந்தது. நான்கு இருபத்திரண்டுக்குத்தான் தெரிவித்தேன். நடுவில் போன் என் கையில் இருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தாளை வாங்கி, மழையில் நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்.